நல்ல ஆயில் பில்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு மாணவி

காபி வடிகட்டத் தெரியாத வீடு நம் தஞ்சைச் சீமையில் இராது. பித்தளைப் பில்டரின் அடித்தட்டில் ஓட்டைகள் பெரிதாக இருந்தால் தூளும் டிகாக்ஷனோடு சேர்ந்து இறங்கிவிடும். குடிப்பவர் வாயில் நறநறக்கும். ஓட்டைகள் மிகச் சிறிதாக இருந்தாலோ, தூளை அளவுக்கு மீறி அழுத்திவிட்டாலோ டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வந்த விருந்தாளி காத்திருந்து பார்த்துவிட்டு, "ஒரு வாய்த் தண்ணீர் போதும் அம்மா" என்று எழுந்துவிடுவார். இவ்விரண்டு தொல்லைகளையும் அறிந்த பெண், காரின் ஆயில் பில்டரைப் பற்றிப் பாதி அறிந்துவிட்டாள் என்று துணிந்து கூறுவேன். அழுக்கைப் பிடிக்க வேண்டும். ஆனால் எண்ணெயை நிறுத்திவிடக் கூடாது. நல்ல பில்டர் எது, மட்டமான பில்டர் எது என்னும் கேள்வி முழுவதும் இதற்குள் அடங்கும். வேறுபாடு ஒன்றுதான். காபி பில்டரைத் திறந்து உள்ளே பார்க்கலாம். கார் பில்டரை இரும்பு டப்பாவில் அடைத்து, வர்ணம் பூசி விற்கிறார்கள்.

இது ஆண்கள் சங்கதி என்று தோழியர் சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். எஞ்சின் கெட்டால் செலவு வீட்டுக்குத்தானே வருகிறது? எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் எண்ணெய் எஞ்சினுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிராங்க் ஷாப்ட் என்னும் தண்டு நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. அது சுழலும் இடங்களில் பேரிங் என்னும் வளைந்த உலோகத் தகடுகள் உள்ளன. தண்டும் தகடும் ஒன்றையொன்று தொடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவை தொடுவதில்லை; தொடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நின்று தண்டைத் தாங்குகிறது. அத்துடன் அந்த எண்ணெய் சூட்டை எடுத்துச் செல்கிறது. கரியையும் உலோகத் துகளையும் கழுவிக்கொண்டு போகிறது. எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் ஓட்டுநருக்கு எதிரே சிவப்பு விளக்கு எரியும். அதற்குப் போட்டிருக்கும் படமும் எண்ணெய்க் கிண்ணத்தின் படமே. பத்துக் கன்னியர் உவமையில் விளக்கு அணைந்தால் எண்ணெய் இல்லை என்று பொருள். காரில் விளக்கு எரிந்தால் எண்ணெய் இல்லை என்று பொருள். இந்த ஒரு வேற்றுமையை மறந்து, "விளக்குத்தானே எரிகிறது" என்று ஓட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு.

அந்த எண்ணெய்ப் படலத்தின் கனம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்கிறோம். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிப்புள்ளது. பேரிங்கில் ஓடும் எண்ணெய்ப் படலமோ பல சமயங்களில் சில மைக்ரான் அளவே. ஆகவே கண்ணுக்குத் தெரியும் மணலைவிடக் கண்ணுக்கே தெரியாத 10, 15 மைக்ரான் துகள்தான் பெரிய எதிரி. அது படலத்துக்குள் நுழைந்து, தண்டையும் தகட்டையும் ஒருசேர உரசிவிடும். உரசும்போது உதிரும் உலோகம் மேலும் துகளாகிறது. அந்தத் துகள் மேலும் உரசுகிறது. கடனுக்கு வட்டி ஏறுவது போல அது பெருகிக்கொண்டே போகும்.

1988-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்து ஆராய்ச்சி ஒன்று இதை அளந்து காட்டியது. 40 மைக்ரான் துகளைப் பிடிக்கும் பில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் பில்டர் போட்டபோது எஞ்சினின் தேய்மானம் 50 சதவீதம் குறைந்ததாம். 15 மைக்ரான் பில்டர் போட்டபோது 70 சதவீதம் குறைந்ததாம். ஒரு சிறு காகித மடிப்பு ஒரு பெரிய எஞ்சினின் ஆயுளை இவ்வளவு மாற்றுகிறது.

நம் ஊரில் அழுக்குக்குப் பஞ்சமில்லை. தை மாசியில் சம்பா அறுவடை முடிந்தால் அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும், சாலையிலே காயப்போட்ட நெல்லின் சுனையும் காற்றில் மிதக்கின்றன. நன்னிலத்திலிருந்து திருவாரூர் போய் வருவதற்குள் கார்க் கண்ணாடி மங்கிவிடுகிறது. இதில் பெரும்பங்கை ஏர் பில்டர் என்னும் காற்று வடிகட்டி நிறுத்திவிடும். தப்பி வருவது எண்ணெயில் கலக்கிறது. எஞ்சினே உண்டாக்கும் கரியும் உலோகத் துகளும் வேறு.

ஆதியில் கார்களுக்கு எண்ணெய் வடிகட்டியே கிடையாது. 1912-ஆம் ஆண்டளவில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டினார் என்று படித்திருக்கிறோம். அந்தக் காலத்து வண்டிகளில் எண்ணெய் அழுக்கானால் அடிக்கடி கொட்டிவிட்டு வேறு ஊற்றுவதைத் தவிர வழியில்லை. 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்டு என்பவர் காருக்கான எண்ணெய் வடிகட்டியைக் கண்டுபிடித்துப் 'பியூரோலேட்டர்' என்று பெயரிட்டார். சுத்தமான எண்ணெய் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிச் செய்த பெயர் அது. அந்த முதல் வடிகட்டிகள் ஓடும் எண்ணெயில் ஒரு பகுதியைத்தான் வடிகட்டின. எண்ணெய் முழுவதும் பில்டர் வழியாகவே பேரிங்குக்குச் செல்லும் முறை அதன் பிறகு வந்தது.

1958 முதல் 2014 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர் காரை நம் பெற்றோர் அறிவார்கள். அதில் ஒரு கிண்ணத்துக்குள் காகித உருளையை வைத்து, நீண்ட போல்ட்டால் முடுக்கியிருக்கும். பில்டர் மாற்றும்போது உருளையை மட்டும் மாற்றிக் கிண்ணத்தைக் கழுவி மாட்டுவார்கள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 காரிலோ டப்பா முழுவதையும் திருகிக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய டப்பா போட வேண்டும். டப்பா வந்தபின் மெக்கானிக்குக்கு வேலை குறைந்தது. வாங்குபவருக்கு உள்ளே இருப்பதைப் பார்க்கும் வாய்ப்பும் போயிற்று. கிண்ண முறை அடியோடு மறைந்துவிடவும் இல்லை. ஸ்விப்ட் டீசல் காரில் இருந்த 1.3 லிட்டர் எஞ்சினில் மீண்டும் அதே காகித உருளைதான் வந்தது.

சரி, டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? பில்டரின் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் திருகு புரி உள்ள ஒரு பெரிய துளையும், அதைச் சுற்றிலும் பல சிறு துளைகளும் இருக்கும். எண்ணெய் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியே உள்ளே போகும். மடித்த காகிதத்தை வெளிப்புறமிருந்து உட்புறமாக ஊடுருவும். நடுத்துளை வழியே எஞ்சினுக்குத் திரும்பும். காகிதம் என்றவுடன் நம் நோட்டுக் காகிதம் என்று எண்ண வேண்டாம். மரநாரைக் கொண்டு செய்து, பிசின் ஊட்டிச் சூட்டில் பதப்படுத்திய காகிதம் அது. விலை கூடிய பில்டர்களில் நுண்ணிய கண்ணாடி இழையும் செயற்கை இழையும் கலந்திருக்கும். காகிதத்தை விசிறி போல் மடிப்பதற்குக் காரணம் இடம்தான். ஒரு சாண் உயரம் கூட இல்லாத டப்பாவுக்குள் ஒன்றரை மீட்டர் நீளக் காகிதத்தை அடக்குவதற்கு வேறு வழி ஏது?

காகிதத்தோடு இரண்டு வால்வுகளும் இருக்கின்றன. முதலாவது, எண்ணெய் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. சில கார்களில் பில்டர் படுக்கை வாட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். இரவு முழுவதும் கார் நிற்கும்போது பில்டரில் உள்ள எண்ணெய் அடித்தொட்டிக்கு வடிந்துவிட்டால், காலையில் எஞ்சின் கிளம்பியதும் சில வினாடிகள் எண்ணெய் இல்லாமலே ஓட வேண்டியிருக்கும். "கடகட" என்று காலையில் மட்டும் சத்தம் கேட்கும் கார்களில் சிலவற்றுக்கு இதுவே காரணம். மட்டமான ரப்பர் எஞ்சின் சூட்டில் மரத்துப்போய்ப் பதியாமல் நிற்கும். சிலிக்கோன் ரப்பர் சூட்டை நன்கு தாங்கும்.

இரண்டாவது வால்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. காகிதம் முழுதும் அழுக்கால் அடைத்துக்கொண்டால் எண்ணெய் போக வழியிராது. அப்போது ஸ்பிரிங் வைத்த இந்த வால்வு, பில்டரின் இருபுறத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு பெரும்பாலும் 1 பார் அளவை எட்டியவுடன் திறந்துகொள்ளும். எண்ணெய் வடிகட்டப்படாமலே எஞ்சினுக்குச் செல்லும். "அழுக்கு எண்ணெயை விடலாமா?" என்று கேட்கத் தோன்றும். அழுக்கு எண்ணெயில் எஞ்சின் மெல்லத் தேயும்; எண்ணெயே இல்லையென்றால் சில நிமிடங்களில் பேரிங் உருகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டில் எது மேல் என்று பில்டரைச் செய்தவர் நமக்காக முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுகிறார். 2023 செப்டம்பரில், வேளாங்கண்ணித் திருவிழா முடியும் தறுவாயில், ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் எஞ்சினில் "டக் டக்" என்று சத்தம் கேட்டது. கார் நின்றபடி ஓடும்போது சிவப்பு விளக்கும் விட்டுவிட்டு மின்னியது. அப்பா உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார். அதனால்தான் கிராங்க் ஷாப்ட் தப்பியது. என் தாய்மாமன் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே கட்டி இழுத்து வந்து பிரித்தபோது பேரிங் தகடுகளில் இரண்டு தேய்ந்து, அடியிலுள்ள செம்பு நிறம் தெரிந்தது. செலவு ரூ. 38,000. பதினெட்டு நாள் சவாரி இல்லை. அம்மாவின் இரண்டு வளையல்கள் வங்கிக்குப் போய், பொங்கல் கழித்துத்தான் திரும்பின.

அந்தக் காரில் மூன்று மாதங்களுக்கு முன் மாட்டிய பில்டர், பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் வைத்துக் கொடுத்தது. வழக்கமான விலையைவிட 60 ரூபாய் குறைவு. மாமா அதைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டி, விளிம்பை அறுத்துப் பிரித்தார். ரம்பத்தால் அறுக்கக் கூடாதாம். அறுபடும் இரும்புத்தூள் உள்ளே விழுந்தால், எஞ்சினிலிருந்து வந்த தூள் எது, ரம்பத் தூள் எது என்று தெரியாமல் போய்விடும். பக்கத்திலேயே அதே எண்ணுள்ள நல்ல பில்டர் ஒன்றையும் அறுத்து வைத்தார். இரண்டையும் சென்ற ஆண்டு நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் நான் வைத்திருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

நல்ல பில்டரில் 52 மடிப்புகள் இருந்தன. விரித்து அளந்தபோது 146 சென்டிமீட்டர். மட்டமானதில் 31 மடிப்புகள், 87 சென்டிமீட்டர். அதாவது அழுக்கைத் தாங்கும் பரப்பு ஐந்தில் மூன்று பங்குதான். நல்லதில் மடிப்புகள் சம இடைவெளி விட்டுச் சீப்புப் பல் போல நின்றன. மற்றதில் ஓரிடத்தில் ஐந்தாறு மடிப்புகள் ஒட்டிக் கிடந்தன; வேறோர் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி. காகிதத்தின் இரு முனைகளும் சேரும் தையல் பசை விட்டுத் திறந்திருந்தது. எண்ணெய்க்குக் காகிதத்தை ஊடுருவ வேண்டிய அவசியமே இல்லை. திறந்த கதவு வழியே போய்விட்டது. கிழிந்த காகித நாரும் எஞ்சினின் எண்ணெய்ப் பாதையில் கிடைத்தது. இன்னொன்றையும் மாமா காட்டினார். அழுத்த வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகரம் தட்டி வைத்திருந்தார்கள். ஸ்பிரிங்கும் இல்லை, வால்வும் இல்லை. "அத்தான், இதிலே பெட்டி மட்டும்தான் ஒரிஜினல்" என்றார் மாமா. அப்பா ஒன்றும் பேசவில்லை.

முழுப் பழியையும் பில்டர் மேல் போடலாமா என்று எங்கள் அறிவியல் ஆசிரியை கண்காட்சியன்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நெரிசலில் மணிக்கணக்கில் எஞ்சின் ஓடியதும் எண்ணெயைக் கெடுத்திருக்கும். ஆனால் நல்ல பில்டர் அந்தக் கெடுதலைத் தாங்கியிருக்கும் என்பதே மாமாவின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இங்கே ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். காகித மடிப்புகளின் இரு முனைகளையும் மூடும் வட்டம் அட்டையால் ஆனது என்பதற்காக மட்டும் ஒரு பில்டரை மட்டம் என்று தள்ளிவிட முடியாது. நல்ல பெயருள்ள நிறுவனங்களும் அப்படிச் செய்வதுண்டு. ஒட்டு உறுதியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

அப்படியானால் கடையில் நின்றுகொண்டு, டப்பாவை அறுக்காமல், நல்லதை அறிவது எப்படி?

முதலில் எண். காரோடு வரும் கையேட்டிலோ, நிறுவனத்தின் உதிரிபாகப் பட்டியலிலோ உங்கள் காருக்குரிய பில்டர் எண் இருக்கும். "இதுவும் அதுவும் ஒன்றுதான், மாட்டிப் பாருங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் ஒப்ப வேண்டாம். புரி ஏறுகிறது என்பது பொருந்துகிறது என்பதற்குச் சான்று ஆகாது. மாருதி முதலிய பல கார்களில் புரியின் விட்டம் 20 மில்லிமீட்டர். வேறு சில வண்டிகளில் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் பில்டரை முக்கால் அங்குலத் தண்டில் திருகினால் ஏறிவிடும். கைக்கு இறுகியது போலவும் இருக்கும். எண்ணெய் அழுத்தம் வந்ததும் புரி நழுவிக் கழன்று, எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டிவிடலாம். மேலும், சில எஞ்சின்களில் அழுத்த வால்வு எஞ்சினிலேயே இருக்கும். அவற்றின் பில்டரில் வால்வு இராது. அந்தப் பில்டரை, வால்வு இல்லாத வேறொரு எஞ்சினில் மாட்டினால் அடைப்பு ஏற்படும்போது எண்ணெய்க்குப் போக்கிடமே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு டப்பாவும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும்.

அடுத்தது செய்தவர் யார் என்பது. கார் நிறுவனமே தன் பெயரில் விற்கும் பில்டர் மிகவும் பத்திரமானது. அதற்கு அடுத்தபடியாகப் பாஷ், பியூரோலேட்டர், மான் போன்ற பழம்பெரும் பில்டர்க்காரர்களின் சரக்கு. கார் நிறுவனங்கள் பில்டரைத் தாமே செய்வதில்லை. இத்தகைய நிறுவனங்களிடம் செய்து வாங்கிப் பெயர் போட்டுக்கொள்வதே பெரும்பாலும் வழக்கம். ஆகவே சரியான எண் கிடைத்தால் இரண்டில் எதை வாங்கினாலும் பழுதில்லை.

ஆனால் பெயர் உள்ள சரக்குக்குத்தானே போலி வருகிறது? எனவே பெட்டியைப் படியுங்கள். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை ஆகியவை பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். எழுத்துப் பிழை இருக்கிறதா, பெட்டியில் உள்ள எண்ணும் டப்பாவில் அச்சிட்ட எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இதற்கு நம்மைப் போன்ற மாணவியரே போதும்; பிழை கண்டுபிடிப்பது நமக்குப் பழகிய வேலைதானே! பிறகு டப்பாவின் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் பள்ளத்தில் முறுக்கில்லாமல் அமர்ந்திருக்க வேண்டும். சிறு துளைகள் வழியே எட்டிப் பார்த்தால் ரப்பர் வால்வு தெரியும். மெல்லிய குச்சியால் தொட்டால் அது மெத்தென்று அழுந்தி மீள வேண்டும். நடுத்துளைப் புரியில் இரும்புச் சீவல் இருந்தால் வேண்டாம். குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடக் கூடாது. பில் கேட்டு வாங்குங்கள். போலி வணிகக் குறியிட்ட பொருளை விற்பது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பில் இல்லாதவர் எந்தக் கதவைத் தட்டுவது?

கணக்கில் விருப்பமுள்ள தோழியருக்கு ஒரு செய்தி. '20 மைக்ரான் பில்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாதி வாக்கியம். 20 மைக்ரான் துகளில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கும் என்பதல்லவா கேள்வி? பாதியைப் பிடிப்பவரும் அப்படி எழுதிக்கொள்ளலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைப் பிடிப்பவரும் எழுதிக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. 4548 என்னும் தரத்தின் 12-ஆம் பகுதியில் இதற்கொரு சோதனை வகுத்திருக்கிறார்கள். எண்ணெயில் தூசியைக் கலந்து பில்டர் வழியே திரும்பத் திரும்பச் செலுத்தி, முன்னும் பின்னும் துகள்களை எண்ணுகிறார்கள். பில்டருக்கு முன் 7,500 துகள், பின் 100 துகள் என்றால் விகிதம் 75, பிடித்தது 98.7 சதவீதம். விகிதம் 2 என்றால் பிடித்தது 50 சதவீதமே. சோதனை விவரம் வெளியிடும் நிறுவனத்தை நான் கூடுதலாக நம்புவேன்.

விலை அதிகமான செயற்கை இழைப் பில்டர் எல்லாருக்கும் வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. இக்காலப் பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது எண்ணெயும் பில்டரும் மாற்றச் சொல்கிறார்கள். அந்தக் கெடுவைத் தவறாமல் காக்கும் வீட்டுக்கு நல்ல காகிதப் பில்டரே போதும். ஆனால் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பத்தி இருக்கும், யாரும் படிப்பதில்லை. தூசி நிறைந்த சாலை, குறுந்தூர ஓட்டம், நின்றபடி எஞ்சின் ஓடுதல் இவையெல்லாம் அதில் வரும். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சிக்கும் போகும் வாடகைக் கார், ஏ.சி. ஓட நெரிசலில் நிற்கிறது. கிலோமீட்டர் ஏறுவதில்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மீட்டரை மட்டும் நம்பினால் பில்டருக்கு வயது தெரியாது. அப்பா இப்போது கெடுவுக்குப் பாதியிலேயே மாற்றுகிறார்.

பில்டர் எவ்வளவு உயர்ந்ததானாலும் எண்ணெயை மாற்றாமல் இருக்க முடியாது. டீசல் கரி ஒரு மைக்ரானுக்கும் குறைவானது, காகிதத்தில் சிக்காது. எண்ணெயில் உண்டாகும் அமிலமும், கலந்துவிட்ட எரிபொருளும் சிக்குவதில்லை. தண்ணீர் இன்னும் மோசம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது போல வெள்ளத்தில் நின்றுவிட்ட காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினில் நீர் புகுந்தால் எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்துவிடும். பில்டர் காகிதம் ஊறி உப்பிவிடும்.

சிலர் பழைய பில்டரை டீசலில் அலசி மறுபடி மாட்டுகிறார்கள். நெல் சலிக்கும் சல்லடையைத் தட்டிச் சுத்தம் செய்யலாம். அதன் கண் நமக்குத் தெரிகிறது. பில்டர் காகிதத்தில் அழுக்கு நாருக்குள்ளே புகுந்து கிடக்கிறது. அலசும்போது அதில் ஒரு பங்கு சுத்தமான உட்புறத்துக்கு வந்து, நேரே பேரிங்குக்குப் போகும். அம்பாசடர் காலத்துக் கிண்ணத்தைக் கழுவிய பழக்கம் இப்படித் திரிந்துவிட்டதோ என்று எனக்கு ஓர் ஐயம்.

மாட்டும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன்மேல் புதியதை மாட்டினால் இரண்டு வளையமும் பிதுங்கி எண்ணெய் பீறிடும். புதிய வளையத்தில் சுத்தமான எண்ணெய் ஒரு துளி தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்டபின் பெரும்பாலான பில்டர்களுக்கு முக்கால் சுற்றுப் போதும். சரியான அளவு பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். ஸ்பானர் போட்டு இறுக்குவது அடுத்த முறை கழற்றுபவருக்குச் செய்யும் துரோகம்.

கழற்றிய பில்டருக்குள் எண்ணெய் நிறைய நிற்கும். அதை அப்படியே வாய்க்கால் கரையில் வீசுகிறார்கள். முடிகொண்டான் ஆற்றுப் பக்கம் நானே பார்த்திருக்கிறேன். அந்த நீர்தான் நாற்றங்காலுக்குப் பாய்கிறது. பழைய எஞ்சின் எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளில் அபாயகரக் கழிவாகச் சேர்க்கப்பட்டுள்ளது. மாமாவின் பட்டறையில் சூடாக இருக்கும்போதே டப்பாவின் குவிந்த தலையில் ஆணியால் ஒரு துளை போட்டு, ஓர் இரவு முழுவதும் பீப்பாய் மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். காலையில் பார்த்தால் ஒரு டம்ளர் எண்ணெய் வடிந்திருக்கும். பீப்பாய் நிறைந்ததும் உரிமம் பெற்ற எண்ணெய்ச் சேகரிப்பாளர் வந்து எடுத்துப்போவார். வடிந்த டப்பாக்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.